ஈர்க்கு நுனியில் ஒரு துண்டு

நெனித்தாவை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலிருந்தே நம்பவில்லை.

அவள் பிலிப்பைன்ஸ்காரி. கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், உயரக் கட்டடங்களின் காலடியில், கரியில் வாட்டிய இறைச்சி விற்கிற கடை வைத்திருந்தாள். கடையின் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்குள் இறைச்சியும் உள்ளியும் சோயாவும் வினாகிரியும் போகும். அவளும் போவாள். கதவு சாத்துப்படும். ஒரு மணித்தியாலம் கழித்து அவள் வெளியே வரும்போது மூடி போட்ட வாளிகள் வரிசையாக நிற்கும். குப்பைப் பைக்குள் வெறும் சோடாப் போத்தல்கள் பத்துப் பன்னிரண்டு கிடக்கும். பையைக் கட்டி எறிகிறவன் நான் என்பதால் எனக்குத் தெரியும். இறைச்சிக்குச் சோடா ஊற்றுகிறவர்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. பழைய இறைச்சியின் வெடுக்கை மறைக்கத்தான் ஊற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"உது இறைச்சி மெத்தெண்டு வாறதுக்கு அண்ணை," என்றான் சீமோன். கடையின் வானை ஓட்டுகிறவன் அவன். பாசையூர்க்காரன், என்னைவிட இரண்டு வயது இளையவன், எதையும் சாப்பிடுவான். "சோடாவிலை இனிப்பும் இருக்கு, புளிப்பும் இருக்கு. ஊற வைச்சா பஞ்சு மாதிரி வரும்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நெனித்தாதான்."

"அவள் வேறை என்னத்தைச் சொல்லுவாள்?"

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் கூடத்தான். ஊரில் நான் லொறிகளில் மூட்டை ஏற்றி இறக்கினவன். தடைமுகாமில் ஆமிக்காரன் கூரான கம்பியால் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்ப்பான். அரிசி என்று கட்டினவன் சொன்னால் அதை அவன் காதில் வாங்குவதேயில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்று அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. கனடாவுக்கு வந்த பிறகும் போகவில்லை.

கடையில் என் வேலை கரி அடுப்பு. கோழிக் கால்களை முழுசாக வாட்டுவோம். மற்றது பன்றி. பன்றி இறைச்சியை நீளமாக வெட்டி, மூங்கில் ஈர்க்கில் தையல் போடுவது போல வளைத்து வளைத்துக் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு ஈர்க்கின் நுனியிலும் ஒரு துண்டுக் கொழுப்பு இருக்கும். அது உருகிக் கீழே வடிய வடிய இறைச்சி காயாது. மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் ஈர்க்குகளைப் புரட்டியிருப்பேனோ தெரியாது, ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டு மூன்று தரம் கையைக் கழுவி, தேசிக்காயும் தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

வீடு என்றால் அக்கா வீடு. அக்கா புனிதவதி, அத்தான் இராஜரட்ணம். நான் ஒரு கோழிக் கடையில் வேலை செய்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். அது பொய்யில்லை, கோழியும் விற்கிறோம்தானே. மிச்சத்தை அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதம் அவர்கள் மோர்னிங்சைட் அப்பாட்மென்றை விட்டு ரூஜில் புது வீடு வாங்கினார்கள். அதே மாதம்தான் என் மனைவி சந்திரவதனாவுக்கும் மகள் சுபாங்கிக்கும் கொழும்பில் விசா கிடைத்தது. ஆவணி இருபதாம் திகதி வருகிறார்கள். சுபாங்கியை மூன்று வயதில் விட்டு வந்தேன், இப்போது ஒன்பது. "பேஸ்மென்றிலை இருங்கோ. தனி வாசல் இருக்கு, குளியலறை இருக்கு," என்று அத்தான் சொன்னார். நான் கீழே இறங்கிப் போய் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். ஈரம் இல்லை. அன்றைக்கே வதனாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை ஐயரைக் கூப்பிட்டுப் பால் காய்ச்சினார்கள். வருகிற ஞாயிறு அறுபது பேருக்குப் பின்வளவில் பாபிகியூ என்று அத்தான் தீர்மானித்தார். கனடாவில் வீடு வாங்கினவன் பின்வளவில் புகை போடாவிட்டால் சனம் என்ன நினைக்கும் என்பது அவருடைய கவலை.

"தில்லை கோழிக் கடையிலைதானே," என்றாள் அக்கா. "இவன் கொண்டு வந்து வாட்டட்டும்."

என்னை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேஸ்மென்றை நினைத்து ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் நெனித்தாவிடம் சொன்னேன். கோழி மட்டும். பன்றி வேண்டாம், பன்றி பட்ட எதுவும் வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஓடுவது உடைந்த ஆங்கிலம். அதனால் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் அவள் புருவத்தைத் தூக்கினாள். அது அவர்களுக்கு ஓம். முதல் வருடம் முழுக்க அதை நான் நக்கல் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை சீமோனோடு கடைக்குப் போனேன். அன்றைக்குக் கடை பூட்டு. நெனித்தாவின் தங்கையின் குழந்தைக்கு ஞானஸ்நானம், அவள் கோயிலுக்குப் போய்விட்டாள். ரொடெல் மட்டும் நின்றான். வெட்டுகிற வேலை அவனுக்கு. கதவடியில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்று எங்களுக்கு, மற்றது ஞானஸ்நான விருந்துக்கு. எது எங்களுடையது என்று கேட்டேன். ரொடெலின் இரண்டு கையிலும் ஐஸ் பெட்டி. அவன் வாயைக் குவித்துச் சொண்டை நீட்டிக் காட்டினான். நான் ஒன்றைத் தூக்கினேன். அவன் ஐஸ் பெட்டியோடு உள்ளே போய்விட்டான்.

ரூஜுக்கு வந்து, அடுப்பு மூட்டி, கரி சாம்பல் பூத்த பிறகுதான் வாளியைத் திறந்தேன்.

உள்ளே கோழிக் கால் இல்லை. ஈர்க்குகள். தையல் போட்டது போல வளைத்துக் கோத்த இறைச்சி, செம்மண் நிறத்தில் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு ஈர்க்கின் நுனியிலும் வெளிறிய ஒரு துண்டு.

நான் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றேன். இது எங்களுடைய வாளியில்லை என்று ஒரு மனம் சொன்னது. அறுபது பேருக்குக் கால் கால் என்று கொடுக்க முடியாது, அதனால் கோழியை ஈர்க்கில் கோத்திருப்பாள் என்று மற்ற மனம் சொன்னது. நுனித் துண்டை விரலால் பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்தால் அறுபது பேருக்கு என்ன கொடுப்பது? பின்வளவில் சனம் வந்து கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது. அத்தான் யாருக்கோ புல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் முதல் வரிசையை அடுப்பில் வைத்தேன்.

மணம் எழும்பியதும் சனம் அடுப்பைச் சுற்றி வந்துவிட்டது. இனிப்பும் புளிப்பும் உள்ளியும் கரிந்து வருகிற மணம் அது. சின்னப் பிள்ளைகள் இரண்டு கையிலும் ஈர்க்கோடு ஓடினார்கள். அத்தான் என் முதுகில் தட்டி, "என்ரை மச்சான். உவனுக்குத்தான் உந்த வேலை தெரியும்," என்று எல்லாருக்கும் சொன்னார். எனக்கு வேர்த்தது. அடுப்புச் சூடு என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

மூன்றாம் சுற்றுப் போனபோது யோகமலர் மச்சாள் கூப்பிட்டா. அத்தானின் தமக்கை. வாசல் நிழலில் கதிரை போட்டு இருந்தா. தட்டில் நாலு வெறும் ஈர்க்கு, கையில் ஐந்தாவது.

"தில்லை, இங்கை வா."

"என்ன மச்சாள், காணாதே? இன்னும் வேணுமோ?"

"காணும். உதைப் பார்." ஈர்க்கை என் முகத்துக்கு நேரே பிடித்தா. நுனித் துண்டில் பாதி கடிபட்டிருந்தது. "உது கோழியிலை எந்தப் பக்கம்?"

"கொழுப்பு, மச்சாள்."

"நாப்பது வருஷமாக் கோழி காய்ச்சுறன். கோழிக்கு உப்பிடிக் கட்டியாக் கொழுப்பு நான் காணேல்லை."

பக்கத்தில் அத்தானோடு பக்டரியில் வேலை செய்கிற கிறிஸ்துநாயகம் இருந்தார். நல்ல மனிதர். பகிடிக்குத்தான் சொன்னார். "அக்கா, பேசாமல் சாப்பிடுங்கோ. பண்டியிலைதான் உப்பிடி ருசியா வரும்."

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மச்சாள் சத்தம் போடவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், தோட்டத்துக் குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தா. ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம். அதைப் பார்த்து இன்னொரு பெண் போனா. பிறகு ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலிருந்து ஈர்க்கைப் பறித்தாள். பிள்ளை அழுதது. காகிதத் தட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்குக் கீழே போயின. வேலியடியில் ஒருவர் குனிந்து துப்பிவிட்டு, நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், மழை வருமோ என்று பார்க்கிறவர் போல.

அத்தான் என்னைக் கராஜுக்குள் கூட்டிப்போய்க் கதவை இறக்கினார்.

"உண்மையைச் சொல்லு தில்லை. அந்தக் கடையிலை பண்டி விக்கிறவையோ?"

"விக்கிறவை அத்தான்."

"நீ அதைத் தொடுறனியோ?"

"வாட்டுறனான். திண்டதில்லை."

அவர் என் கைகளைப் பார்த்தார். "மூண்டு வருஷம். என்ரை மேசையிலை இருந்து சோறு திண்டிருக்கிறாய்."

நான் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன்.

"இப்ப வாளிக்குள்ளை இருந்தது என்ன?"

"கோழியெண்டுதான் சொல்லிக் கேட்டனான்."

"நீ கேட்டதை நான் கேக்கேல்லை. இருந்தது என்ன?"

"தெரியாது அத்தான்."

அவர் புல்வெட்டியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். "வியாழக்கிழமை பால் காய்ச்சின வீடு. இந்தச் சனத்துக்கு நான் பதில் சொல்லவேணும். பொழுதுபட முன்னம் எனக்குத் தெரியவேணும். கோழியெண்டா கோழி. பண்டியெண்டா, பேஸ்மென்றைப் பற்றி நீ யோசிக்கத் தேவையில்லை."

கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பில் ஒன்றும் மிச்சமில்லை, வாளியும் வெறுமை. மேசைக்குக் கீழே கிடந்த தட்டுகளில் ஒரு பிள்ளை வாய் வைக்காத ஈர்க்கு ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றிச் சாப்பிட்டுப் பார்த்தேன். இனிப்பு, புளிப்பு, புகை. அதற்குள் இருப்பது கோழியா பன்றியா என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. பன்றி எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே இது அது இல்லை என்று சொல்லலாம். மிச்சத்தை ஈயத்தாளில் சுற்றிக்கொண்டு சீமோனின் வானில் ஏறினேன்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறியதும் சீமோன் கண்ணாடியை இறக்கினான். பிறகு கேட்டான்.

"ரொடெல் எந்த வாளியைக் காட்டினவன் அண்ணை?"

"அவன் கையாலை காட்டேல்லை. சொண்டை நீட்டினவன்."

"அவங்கள் சொண்டாலைதான் காட்டுறவங்கள். எந்தப் பக்கம் நீட்டினவன்?"

"கதவுப் பக்கம்."

"ரெண்டு வாளியும் கதவுப் பக்கம்தான் நிண்டது."

"அது எனக்குத் தெரியாதே?"

"எனக்கெண்டாக் கோழி மாதிரித்தான் இருந்தது. ஆறு ஈர்க்குத் திண்டனான்."

"நீ பண்டியைத் திண்டாலும் கோழியெண்டுதான் சொல்லுவாய்."

"பண்டியைத் திண்டாப் பண்டியெண்டுதான் சொல்லுவன். எனக்கென்ன வெக்கம்," என்றான் சீமோன். அவன் சொன்னால் அத்தான் வீட்டில் யாரும் நம்பப்போவதில்லை. எனக்கும் நம்பிக்கையில்லை. என்னைத் தேற்றச் சொல்கிறானோ என்னவோ.

வழி முழுக்க நான் நெனித்தாவைத்தான் நினைத்தேன். வாளி மாறியிருந்தால் அது ரொடெலின் பிழை, அல்லது என் பிழை. மாறாமலே இருந்தால்? கோழி போதாது என்று இரண்டு வாளியிலும் பன்றியைப் போட்டிருந்தால்? கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறவள். ஊறிய பிறகு எல்லாம் ஒரே நிறம். இவன் சாப்பிடுகிறவனில்லை, இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

விருந்து, சீமோனுக்குத் தெரிந்த ஒரு உயரக் கட்டடத்தின் கீழ்த்தளத்து மண்டபத்தில் நடந்தது. ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டு நின்றார். நீள மேசையில் சோறு, நூடில்ஸ், நடுவில் ஒரு தட்டம் நிறைய ஈர்க்குகள். எங்கள் வீட்டில் வாட்டினது போலவே வளைத்துக் கோத்தவை. நுனியில் துண்டு.

நெனித்தா என்னைக் கண்டு குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள். "வா, சாப்பிடு," என்றாள். அவர்கள் எவரைக் கண்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். கடைக்குக் கடிதம் கொண்டு வருகிற தபால்காரனுக்கும் சொல்வார்கள்.

"இது என்ன இறைச்சி?" என்று தட்டத்தைக் காட்டினேன்.

"பன்றி."

"எனக்குத் தந்தது?"

"கோழி." அவள் என் கையில் இருந்த ஈயத்தாளைப் பார்த்தாள். "ஏன்?"

நான் தாளை விரித்து நுனித் துண்டைக் காட்டினேன். இது என்ன என்று கேட்டேன்.

"தோல்," என்றாள். கோழித் தொடையை ஈர்க்கில் கோத்தால் நெருப்பில் காய்ந்துபோகும். அதனால் தோலை மடித்து மடித்து நுனியில் குத்தினோம் என்றாள். சனிக்கிழமை முழுக்க நாலு பெண்கள் இருந்து முந்நூறு ஈர்க்குக் கோத்தார்களாம். உன் குடும்பத்து விருந்து, நல்லாக இருக்க வேண்டும் என்று சொன்னேன் என்றாள்.

எங்கள் சனம் கோழியைத் தோல் உரிக்காமல் காய்ச்சாது. கடையில் நின்று உரித்துத் தா என்று கேட்டு வாங்குகிற சனம். மடித்து வாட்டிய கோழித் தோல் எப்படி இருக்கும் என்று யோகமலர் மச்சாள் நாற்பது வருடத்தில் கண்டிருக்க மாட்டா. அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. விளங்கியும் மனம் விடவில்லை. விற்கிறவள் சொல்கிறாள், அவ்வளவுதானே. இந்தக் கதையை அவள் இப்போதுதான் கட்டினாள் என்றால்?

ஒரு காகிதத் தட்டை எடுத்தேன். தட்டத்திலிருந்து ஒரு ஈர்க்கை அதில் வைத்தேன். பக்கத்தில் ஈயத்தாள் துண்டையும் வைத்தேன். சீமோன் என் முழங்கையைப் பிடித்தான். "அண்ணை, என்ன செய்யிறியள்?"

"விடு."

முதலில் பன்றியின் நுனித் துண்டு. பல் பட்டதும் அது வெண்ணெய் போலக் கரைந்து வாயெல்லாம் நிரம்பியது. துப்ப நினைத்தேன். நெனித்தா பார்த்துக்கொண்டு நின்றாள். விழுங்கினேன். அடுத்து இறைச்சி, நார் நாராக, நீளமாகக் கிழிந்தது. தண்ணீர் குடித்தேன். பிறகு நான் கொண்டுவந்தது. நுனி கரையவில்லை. இழுபட்டது, மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது, கடைசியில் கருக்கென்றது. இறைச்சிக்கு நார் குறைவு. இரண்டும் வேறு. குருடன்கூடச் சொல்லுவான். நிச்சயம் பண்ண இன்னொரு தரம் அதையும் இதையும் தின்றேன். முடித்துப் பார்த்தால் ஈயத்தாளில் ஒன்றும் மிச்சமில்லை. காட்டக் கையில் இருந்த ஒரே சாட்சியையும் நான் விழுங்கிவிட்டேன்.

நெனித்தாவுக்கு நான் வந்த காரியம் விளங்கிவிட்டது. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் போய், ஒரு தட்டில் சோறும் நூடில்ஸும் ஈர்க்குகளும் அள்ளி, மூடிக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்தவனை வெறும் கையோடு அனுப்ப மாட்டார்கள். அதை என்னிடம் தரவில்லை. சீமோனிடம் கொடுத்தாள்.

"திங்கள் ஒன்பது மணி," என்று என்னிடம் சொன்னாள். அது என் வழக்கமான வேலை நேரம்தான். அதை ஏன் சொன்னாள் என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

வானில் சீமோன் ஒரு கையால் ஓட்டி மறு கையால் சாப்பிட்டான்.

"அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. திண்டனான் எண்டு அங்கை சொல்லிப்போடாதையுங்கோ. கடைக்காரியைக் கேட்டனான், கோழியெண்டு சொன்னவள், அவ்வளவும் காணும்."

"அப்பிடித்தான் சொல்லப்போறன்."

ரூஜுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. சனம் போய்விட்டது. பின்வளவுக் கல்லை அக்கா குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். யோகமலர் மச்சாள் தலை முழுகி, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு உள்ளே சோபாவில் இருந்தா. அத்தான் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"கோழிதான் அத்தான். தோலை மடிச்சு நுனியிலை குத்தியிருக்கினம். அதுதான் கொழுப்பு மாதிரித் தெரிஞ்சது."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரி."

மச்சாள் கூந்தலைத் தட்டினா. "வித்தவள் பின்னை பண்டியெண்டே சொல்லுவள்?"

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அத்தானின் முகம் திரும்பவும் இறுகியது. அவர் என்னை விட்டுவிட்டு ரெலிபோனைப் பார்த்தார். அறுபது பேருக்கு என்ன சொல்வது என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பேஸ்மென்றுக் கதவு அவருக்குப் பின்னால் பூட்டியிருந்தது.

"நான் திண்டு பாத்தனான்," என்றேன்.

"எதை?"

"ரெண்டையும். அவையின்ரை பண்டியையும் எங்கடை மிச்சத்தையும். ரெண்டும் வேறை அத்தான். பண்டி கரையும், இது இழுபடும். அம்மாவாணை, நாங்கள் திண்டது கோழி."

அக்கா குழாயைப் பூட்டியிருக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அத்தான் என்னைக் குடைந்து குடைந்து கேட்டார். எத்தனை துண்டு, எந்த ஈர்க்கு, பல்லுக்கு எப்படி, நாக்குக்கு எப்படி. நான் சொல்லச் சொல்ல அவருடைய தோள் இறங்கியது. நேரே போய் ரெலிபோனை எடுத்தார். "கோழிதானாம். ஓமோம், தில்லை போய் விசாரிச்சிட்டு வந்தவன். தோலாம். சீச்சீ, உங்களுக்கேன் பயம்." ஒவ்வொரு வீட்டுக்கும் அதே கதை. விசாரித்தவன் என்றுதான் சொன்னார். தின்றவன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

"வீடு தப்பிச்சுது," என்றா மச்சாள், சுவரைப் பார்த்து. "இவன் பண்டி திண்ட வாயோடை சாமியறைக்கு முன்னாலை நிக்கிறான்."

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

"தம்பி, போய் முழுகு," என்றாள் அக்கா. பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாள். விருந்துக்கு வாங்கின காகிதக் கோப்பையில் கொண்டுவந்தாள். மற்றவர்கள் வழக்கமான கோப்பைகளில் குடித்தார்கள்.

ரெலிபோன் முடித்து அத்தான் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தணித்துப் பேசினார்.

"நீ செய்தது பெரிய காரியம். நான் மறக்கமாட்டன். வதனாவும் பிள்ளையும் வரட்டும், கீழை இருங்கோ. ஆனா நீ அந்த வேலையை விடவேணும். என்ரை அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது."

"விட்டிட்டு?"

"என்ரை பக்டரியிலை கேட்டுப் பாக்கிறன்."

"கிடைக்குமோ அத்தான்?"

"கேட்டுப் பாக்கிறன் எண்டுதானே சொல்லுறன்."

"கிடைக்காட்டி?"

"அப்ப பாப்பம்."

அவர் நல்லாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பக்டரியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று கிறிஸ்துநாயகம் அன்று காலைதான் யாரிடமோ சொல்லிக்கொண்டு நின்றார். அது அத்தானுக்கும் தெரியாமல் இராது. வதனா வந்து இறங்கும்போது நான் வேலையில்லாமல் இவருடைய வீட்டின் கீழ் இருப்பேன். ஒவ்வொரு நாளும் எங்கே போகிறேன், என்ன தின்கிறேன் என்று மேலே கேட்பார்கள். நான் யோசித்தது நெடுநேரமில்லை, அந்தக் காகிதக் கோப்பை ஆறுகிற நேரம்தான்.

"நான் வேறை இடம் பாக்கிறன் அத்தான்."

"உனக்குப் பைத்தியமே?" என்றார். மச்சாள் கூந்தலை முடிந்தா, அக்கா காகிதக் கோப்பையை எடுத்துக் குப்பையில் போட்டாள். என் இரண்டு பைகளும் அந்தக் கிழமைதான் மோர்னிங்சைட்டிலிருந்து வந்திருந்தன, இன்னும் அவிழ்க்கவில்லை. தூக்குவது லேசாக இருந்தது.

திங்கள் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன். இரவு சீமோனின் அறையில் நிலத்தில் படுத்தேன் என்று நெனித்தாவிடம் அவன் சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாள் அவள், தன்னுடைய கட்டடத்தில் பதினான்காம் மாடியில் ஒரு அறை வீடு காலியாகிறது என்றாள். இதில் அவளுக்கு என்ன லாபம் என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எடுத்தேன்.

அடுத்த சனி காலை அங்கிருந்து கொழும்புக்கு எடுத்தேன். வதனா தான் தங்கியிருந்த லொட்ஜுக்குப் பக்கத்து ரெலிபோன் கடையில் வந்து காத்திருந்தாள். புது விலாசத்தைச் சொன்னேன்.

"அக்கா வீடு இல்லையோ?" என்றாள்.

"இல்லை. இது ரவுணுக்குள்ளை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிட்ட."

"பேஸ்மென்ற் நல்லா இருக்கெண்டு போன மாதம் சொன்னியள். ஈரமில்லை எண்டனியள்."

"ஒரு சின்னப் பிரச்சினை. வந்தாப் பிறகு சொல்லுறன்."

"இப்பச் சொல்லுங்கோ."

"கோழி வாட்டினதிலை ஒரு பிரச்சினை."

அந்தப் பக்கம் கடையில் யாரோ சிங்களத்தில் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கோழிக்காக ஆரும் கூடப்பிறந்தவளின்ரை வீட்டை விட்டு வெளிக்கிடுவினமே?"

"வெளிக்கிட்டனான்தானே."

"உந்த வீடு ஆர் பாத்துத் தந்தது?"

"நெனித்தா."

"ஆர் அது?"

"கடைக்காரி. மேல் மாடியிலைதான் இருக்கிறா."

"மேல் மாடியிலை." அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். "கலியாணம் கட்டினவவோ?"

மூன்று வருடம் நான் அந்தப் பெண்ணின் குப்பைப் பை வரைக்கும் கிளறிப் பார்த்திருக்கிறேன். கல்யாணம் கட்டினவளா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

"தெரியாது," என்றேன்.

"மூண்டு வருஷமா அவவிட்டை வேலை செய்யிறியள். தெரியாதோ?"

"உண்மையாத் தெரியாது வதனா."

"ம்," என்றாள். அந்த ம் எப்படிப்பட்டது என்று எனக்கு நல்லாகத் தெரியும். என் வாயிலிருந்து வருகிற ம் அது. "சுபாங்கிக்கு ஒண்டும் சொல்லேல்லை. இருபதாம் திகதி வாறம். நான் வந்து பாக்கிறன்."